சொன்னவர் பெயர்

போலீஸ் கொமிசேர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாகூர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என்னுடையது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் கரும்பலகையை ஒட்டி நின்றேன். புடவையில் சுண்ணாம்புத் தூள் ஒட்டுவது தெரிந்தும் நகரவில்லை.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. பிள்ளைகளை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லச் சொல்லியிருந்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் தப்பு செய்தார்கள். வேறு நாளாக இருந்தால் ஓடிப்போய்த் திருத்தியிருப்பேன்.

நோட்டில் நான்கு பத்திகள். முதலில் சொல். அடுத்தது பிரெஞ்சில் அர்த்தம். அடுத்தது தமிழில். நான்காவது பத்தியின் தலைப்பு ‘சொன்னவர்’. கொமிசேரின் விரல் அந்த நான்காவது பத்தியில்தான் மேலிருந்து கீழே இறங்கியது. அடுத்த பக்கம் போனது. மறுபடியும் மேலிருந்து கீழே.

அந்த விரல் நின்ற ஒவ்வொரு வரியிலும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

போன வாரம் இந்தத் தொடரில் கான்வென்ட் விடுதிக் கஞ்சியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “சாப்பாட்டைத் தவிர உங்களுக்கு வேறு கவலையே இருந்ததில்லையா?” இருந்தது அம்மா. இன்னும் இருக்கிறது.

வியாழக்கிழமை மதாம்

நான் பாகூரை அடுத்த செலியமேட்டு விவசாயி மகள். நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். பதிமூன்று வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது. பதினான்கில் அது முடிந்தும் போனது. அவர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. மூலையில் உட்காரவை என்று சொல்லவந்த உறவுக்காரர்களை அப்பா வாசலோடு அனுப்பிவிட்டு, என்னை வண்டியில் ஏற்றிப் புதுச்சேரிக் கன்னியாஸ்திரிகளிடம் கொண்டுபோய் விட்டார். அங்கே ப்ரவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறி, பாகூரில் வாத்தியாரம்மாவாக வந்து சேர்ந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மதாம் ஒரு பிரெஞ்சு இஞ்சினீயரின் மனைவி. அவர் பாகூர் ஏரிக்கரையைப் பார்வையிட வந்தபோது இந்த அம்மாளும் கூட வந்தார். வெயிலில் கரையை அளப்பதை வேடிக்கை பார்க்கப் பொறுக்காமல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். பாரீசில் பாஷைகளைப் பற்றிய படிப்புப் படித்தவர். எழுத்து இல்லாத, இதுவரை யாரும் எழுதிவைக்காத ஒரு பாஷையைத் தானே முதலில் எழுதவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதை எனக்குச் சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது.

“இங்கே அப்படி ஒரு பாஷை உண்டா?” என்று கேட்டார்.

உண்டு என்று நான் சொன்னேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அறுவடைக் காலத்தில் எங்கள் பனந்தோப்பில் சில குடும்பங்கள் வந்து தங்கும். ஈச்சங்கூடை முடைவார்கள். வயலில் எலி பிடிப்பார்கள். எங்களிடம் தமிழ் பேசுவார்கள், தங்களுக்குள் வேறொன்று பேசுவார்கள். ஊரில் அவர்கள் கூட்டத்துக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பேர் வேறு. இரண்டையுமே நான் இங்கே எழுதப்போவதில்லை.

வியாழன் எங்கள் பள்ளிகளுக்கு விடுமுறை நாள். வியாழன்தோறும் மதாமின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு செலியமேட்டுக்கு வரும். எனக்குத் தமிழும் பிரெஞ்சும் இருந்தன, அவருக்கு முறை இருந்தது. முறை என்றால் ஓர் அச்சடித்த புத்தகம். பிரான்சு தேசத்துக் கிராமங்களில் சொற்கள் சேகரிப்பதற்காக எழுதியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மதாம் இதற்கு முன் ஒரு கிராமத்திலும் போய் உட்கார்ந்ததில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் ஆசிரியை அல்ல, காது

தோப்பில் எங்களோடு உட்காரச் சம்மதித்தவள் ஒருத்திதான். அவளை இங்கே பச்சை என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பேரல்ல. என் வயதுதான் இருக்கும். ஆறு மாதக் கர்ப்பிணி. குனிந்து கூடை முடைய முடியவில்லை, அதனால் பேச நேரம் இருந்தது.

மூச்சு எவ்வளவு வருகிறது என்று பார்க்க, மதாம் ஒரு மெல்லிய காகிதத் துண்டை அவள் உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்வார். சில ஒலிக்குக் காகிதம் படபடவென்று ஆடும். சிலவற்றுக்கு ஆடாது. சிலவற்றுக்குக் காகிதம் சும்மா இருக்க, பச்சையின் தொண்டை மட்டும் கீழே இறங்கி ஏறும். மதாம் தரையில் முழங்கால் போட்டு, அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“இன்னாத்துக்கும்மா இந்தம்மா என் களுத்தையே பாக்குது?” என்று பச்சை என்னைக் கேட்டாள். “நகை எதுனா மாட்டியா கீது அதுல?”

நான் அதைப் பிரெஞ்சில் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் நான் செய்ததெல்லாம் தப்பு. அவள் ஒரு சொல்லை இரண்டு விதமாகச் சொன்னால் எது சரி என்று கேட்பேன். தமிழ் கலந்துவிட்டது என்று தோன்றினால் எழுதாமல் விட்டுவிடுவேன். பள்ளிக்கூடப் புத்தி. மதாம் அதைக் கண்டுபிடித்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

“இங்கே நீங்கள் ஆசிரியை அல்ல. காது. காது திருத்தாது.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு, கேட்டதைக் கேட்டபடி எழுத ஆரம்பித்தேன். எலிப்பொறி வைப்பதைப் பற்றிப் பச்சை ஒரு மூச்சில் பேசியதை முழுதாக எழுதி, திரும்ப அவளிடமே படித்துக் காட்டியபோது அவள் கூடைக்காகக் கிழித்த ஈச்சமாரைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். தன் பேச்சு ஒரு காகிதத்திலிருந்து திரும்பி வருவதை அவள் அதுவரை கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வாழ்நாளில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை அது என்று நினைத்தேன்.

முறையில் இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று: ஒவ்வொரு சொல்லுக்கும் அதைச் சொன்னவர் பெயர், வயது, பிறந்த ஊர், தாய் பிறந்த ஊர், இதுவரை இருந்த ஊர்கள் எல்லாம் எழுதவேண்டும். ஊருக்கு ஊர் பேச்சு மாறும், ஆகவே ஊர் தெரியாத சொல்லுக்கு மதிப்பில்லை. இரண்டு: எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்கவேண்டும். மழையும் கரையானும் இருக்கிற ஊர்.

இரண்டும் நியாயமான விதிகள். இப்போது யோசித்தாலும் அவற்றில் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கல்லும் ஓட்டாஞ்சில்லும்

ஒரு வியாழன் மதாமுக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் தனியாகப் போனேன். அன்று உறவுமுறைச் சொற்கள் எடுக்கவேண்டிய நாள்.

பச்சையிடம் கணவனின் அண்ணனை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் அவள் மாமியார் இருந்தாள். மாமியார் எதிரில் புருஷன் வழி ஆண்களைப் பற்றி மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். சரி, வாயால் சொல்லவேண்டாம், தரையில் வை என்றேன். எனக்கே அந்த யோசனை பிடித்திருந்தது.

ஆண்களுக்குக் கல். பெண்களுக்கு உடைந்த ஓட்டாஞ்சில்லு. பச்சை ஒவ்வொன்றாக மணலில் வைத்தாள். அவள் வைக்க வைக்க மாமியார் பேரும் ஊரும் சொன்னாள். பேர்களை இங்கே விட்டு எழுதுகிறேன்.

“இவன் பெரியவன். அக்கரை செட்டில்மெண்டுல கீறான். இது இவன் பொஞ்சாதி, அதுவும் அங்கதான். இவன் எங்கூட ஆத்தைத் தாண்டி ஓடியாந்தவன். இவன் இப்ப சுத்துக்கேணி பக்கம். இவன் கரையாம்புத்தூருல கரும்பாலைக்காரரு வூட்டுல வேலையா கீறான், பேரை மாத்திக்கினு.”

அக்கரை என்றால் ஆற்றுக்குத் தெற்கே, இங்கிலீஷ்காரன் சீமை. அங்கே ஒரு சட்டம் இருந்தது. சில கூட்டங்களைப் பிறவியிலேயே திருடர்கள் என்று எழுதிவைத்து, பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் கைரேகை எடுத்து, வேலிபோட்ட செட்டில்மெண்டில் குடிவைத்து, வெளியே போவதற்குச் சீட்டு வாங்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். சீட்டில்லாமல் போனவனைப் பிடித்தால் ஜெயில். எங்கள் பிரெஞ்சு சீமையில் அந்தச் சட்டம் கிடையாது. அதனால்தான் இவர்கள் ஓடிவந்தார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

பச்சை ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“கூப்புடற மொறை கேட்ட, சரி. பேரு எதுக்கும்மா? ஊரு எதுக்கு?”

“முறை அப்படித்தான். ஊர் எழுதலேன்னா மதாம் ஒத்துக்கமாட்டாங்க.”

அவள் கல்லை வைக்காமல் இருந்தாள். மாமியார்தான் சொன்னாள்.

“வைம்மா. தோப்புக்காரரு பொண்ணு கேக்குது.”

பச்சை வைத்தாள். மொத்தம் பதினொரு பேர். வீட்டுக்கு வந்து ஒரு முழுத் தாளில் கோடுகள் போட்டு, யாருக்கு யார் என்ன உறவு, எங்கே பிறந்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்று மணிமணியாக எழுதினேன். அடுத்த வாரம் வந்த மதாம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். “இதுதான் வேலை” என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் நான்கு நாள் தரையில் நடக்கவில்லை.

நான் கேட்டதற்காக அவர்கள் சொல்லவில்லை, அப்பாவின் தோப்பில் இருந்ததற்காகச் சொன்னார்கள். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சித்தப்பாவின் பாராட்டு

இரண்டாவது விதிப்படி அந்தத் தாளோடு சேர்த்து எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தேன். ஒரு திங்கட்கிழமை, உறையில் போட்டு, மதாமின் புதுச்சேரி விலாசம் எழுதி, கொமின் என்கிற ஊராட்சி ஆபீசில் கொடுத்தேன். சர்க்கார் தபால் பையில் போனால் பத்திரமாகப் போகும் என்று நினைப்பு. அங்கே குமாஸ்தாவாக இருந்தவர் நடேசன், அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. எனக்குச் சித்தப்பா முறை.

புதன்கிழமை மத்தியானம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். மேசைமேல் என் உறை பிரிந்து கிடந்தது. சர்க்கார் பையில் போகும் எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் அனுப்பமாட்டாராம். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னாம்மா கமலம், இம்மாம் பெரிய காரியம் பண்ணியிருக்கே, சித்தப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“என்ன காரியம் சித்தப்பா?”

“அக்கரை இன்ஸ்பெக்டரு நம்ம கொமிசேருக்குக் காயிதம் மேல காயிதம் போட்டுக்கினு இருக்காரு. யாரு ஓடியாந்தா, எங்க ஒளிஞ்சிருக்கான்னு. நம்ம சிப்பாய்ங்க தோப்பு தோப்பா அலைஞ்சும் ஒண்ணும் கெடைக்கல. நீ ஒரே தாள்ல புட்டுப்புட்டு வெச்சிட்டே. அப்பன் பேரு ஆத்தா பேரு முதக்கொண்டு.”

மேசைமேல் கிடந்த தாள்களில் அந்தத் தாளைக் கண்ணால் தேடினேன்.

“நேத்தே கொமிசேர்கிட்ட வாயால சொல்லிட்டேன்,” என்றார். “வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வர்றாரு. நேரா கையிலயே குடுத்துடலாம். உங்கப்பனுக்கும் நல்ல பேரு.”

கெட்ட எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. அண்ணன் மகள் ஒரு பெரிய மனுஷிக் காரியம் செய்துவிட்டாள் என்று நிஜமாகவே பூரித்துப்போயிருந்தார். அழுது கேட்டால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் தாள் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். நின்ற இடத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது.

“சித்தப்பா, மேல ஒரு கடிதம் இல்லாமலா கொமிசேருக்குக் குடுப்பீங்க?”

அவர் சிரிப்பு நின்றது. முகப்புக் கடிதம் இல்லாத காகிதம் மேலதிகாரியிடம் போவது அவர் உத்தியோகத்தில் நடக்காத காரியம். ‘தங்கள் மிகத் தாழ்மையுள்ள’ என்று தொடங்கி நாலு வரிக்கு வணக்கம் சொல்லி முடிக்காத கடிதத்தை அவர் கனவில்கூடக் கண்டதில்லை.

“அதானே,” என்றார். “நீயே எயுது. உன் பிரெஞ்சு என்னுதைவிட நல்லா இருக்கும்.”

“தாளைப் பார்த்துத்தான் எழுதணும். கொண்டுபோய் எழுதிக்கிட்டு வர்றேன்.”

கொடுத்துவிட்டார். தெருவில் நான் நடந்தேனா ஓடினேனா தெரியாது. உறையைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றியிருந்தேன். எதிரே வந்த ஒவ்வொருவரும் என் இடுப்பையே பார்ப்பதாகத் தோன்றியது.

தோப்பில்

நேரே தோப்புக்குப் போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. பச்சை அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வழியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூன்றும் மறந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. அழவில்லை.

“எது எங்க பேரு, காட்டு,” என்றாள்.

தாளை மணலில் விரித்துக் காட்டினேன். இது நீ. இது உன் மாமியார். இது உன் வீட்டுக்காரர். ஒவ்வொரு பேரிலும் அவள் விரலை வைத்து, எவ்வளவு நீளம் என்று பார்ப்பதுபோலத் தடவினாள்.

“இதெல்லாம் அவங்களுக்குப் படிக்க வருமா?”

“வரும்.”

“நான் அன்னைக்கே கேட்டேன், பேரு எதுக்குன்னு.”

“கேட்டே.”

“நீ மொறைன்னு சொன்னே.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். அது என் வாயில் ரொம்பச் சின்ன வார்த்தையாக இருந்தது. மாமியார் அதற்குள் எழுந்து தன் பாஷையில் ஏதோ சொல்ல, பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குப் பாதிக்குமேல் புரிந்தது. அவ்வளவு கற்றுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றிச் சொன்னதும் புரிந்தது. அதை எழுதமாட்டேன்.

இருட்டுவதற்கு முன்னால் கழுதைகள்மேல் சாமான்கள் ஏறிவிட்டன. பச்சைக்கு மாதம் நிறைந்திருந்தது, கைத்தாங்கலாக எழுப்பினார்கள். கடைசியாக என்னைப் பார்த்து, “இனிமே யாருகிட்டயும் கேக்காதே,” என்றாள். சொற்களையா, பேர்களையா என்று அவள் சொல்லவில்லை.

எந்தத் திசையில் போகப்போகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. மூன்று மாதமாக அதே பழக்கம். கேட்காமல் திரும்பி நின்றுகொண்டேன். காலடிச் சத்தம் ஓயும்வரை பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வியாழக்கிழமை முழுவதும்

வீட்டுக்கு வந்து நகலையும் அந்தக் கோடு போட்ட தாளையும் அடுப்பில் கரும்புச் சோகையோடு வைத்தேன். பக்கென்று பிடித்துக்கொண்டது. என்ன எரிக்கிறாய் என்று அம்மா கேட்டாள். பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாள் என்றேன்.

மூல நோட்டு மிச்சம் இருந்தது. அதையும் எரித்துவிட்டால் வெள்ளிக்கிழமை கொமிசேரிடம் எதைக் காட்டுவது? காகிதமே இல்லை என்றால் சித்தப்பா பார்த்தது என்ன? என்னைப் பிடித்தால்கூடப் பரவாயில்லை, அப்பாவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மறுநாள் விடுமுறை. மதாம் அந்த வாரம் புதுச்சேரியிலேயே இருந்தார். நான் உள்ளறையில் உட்கார்ந்து புது நோட்டில் எல்லாச் சொற்களையும் திரும்ப எழுதினேன். சொல், பிரெஞ்சு, தமிழ் என்று மூன்று பத்திகளும் மளமளவென்று நகர்ந்தன. நான்காவதில் பேனா நின்றது.

காலியாக விட்டால் மறைக்கிறேன் என்று தெரிந்துவிடும். பொய்ப் பேர் எழுதலாம் என்றால், எந்தப் பேரை யோசித்தாலும் அந்தப் பேரில் சுற்றுவட்டாரத்தில் ஒருவன் இருந்தான். முனியன் என்று எழுதினால் எங்கோ ஒரு முனியனை இழுத்துக்கொண்டு போவார்கள். அவன் ஏன் என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த பேர்களில் எழுதத் துணிந்த பேர் ஒன்றுதான் இருந்தது.

சொன்னவர்: கமலம். வயது பத்தொன்பது. பிறந்த ஊர் செலியமேடு. தாய் பிறந்த ஊர் செலியமேடு. இதுவரை இருந்த ஊர்கள் புதுச்சேரி, பாகூர்.

எல்லா வரியிலும் அதையே எழுதினேன். சாயங்காலம் விரல் மடங்கவில்லை. பழைய நோட்டும் அடுப்புக்குள் போனது. அதில், காகிதத் துண்டின்மேல் பச்சை ஊதியபோது தெறித்த எச்சில் பட்டு மை கலைந்த ஒரு பக்கம் இருந்தது. அதை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் சபலம். அதிலும் பேர் இருந்தது. போட்டுவிட்டேன்.

நாற்காலி

இனிக் கொமிசேரிடம் வருகிறேன். கடைசிப் பக்கம் வரை விரலால் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

“எல்லாச் சொல்லும் நீங்கள் சொன்னதா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“ஆமாம், முசியே.”

“இது உங்கள் பாஷையா?”

“பாஷை சேகரிக்கப் பழகுகிறேன். பழக்கத்துக்காக எழுதியது.”

“நாய்க்கு என்ன?”

சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு வரவில்லை. பிறகு கதவருகில் நின்றிருந்த சித்தப்பாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். முகப்புக் கடிதத்துக்காக இரண்டு நாளாகக் காத்திருந்த மனிதர். என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியும் கோபமும் கலந்திருந்தன.

“நீர் சொன்ன பட்டியல் இதுதானா?”

சித்தப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். என் பேர், என் பேர், என் பேர். அவருக்குப் புரிந்துவிட்டது. அதை நான் அவர் கழுத்து நரம்பில் பார்த்தேன். வெளியே பிள்ளைகள் எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

இல்லை என்று அவர் சொன்னால் எல்லாம் முடிந்தது. பேர்களில் நாலைந்தாவது அவருக்கு நினைவிருக்கும், கரையாம்புத்தூரும் சுத்துக்கேணியும் கட்டாயம் நினைவிருக்கும். ஆனால் இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். அந்தத் தாள் எங்கே? யாரிடம் கொடுத்தீர்? மேலதிகாரிக்கென்று வைத்த காகிதத்தை ஏன் கைவிட்டீர்? அவருக்கு ஓய்வுச் சம்பளம் வர இரண்டு வருஷம் இருந்தது.

“இதேதான் முசியே,” என்றார். “என் கண் மங்கல். சொற்களைப் பேர்கள் என்று நினைத்துவிட்டேன்.”

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னார். பிறகு சாகும்வரை அவர் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அவர் வாய் அந்த ஒரு தடவை பொய் சொன்னதை நினைத்து நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கொமிசேர் நோட்டை மேசைமேல் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார். “ஒரு பாஷையைப் பேசுகிறவர் ஒரே ஒருவர் என்றால், அவரைக் கண்காணிப்பது சுலபம்.”

அதற்குப் பிறகு ஒரு வருஷம், பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே நான் ஜன்னலில் போய் எட்டிப் பார்ப்பேன்.

வெறும் சத்தம்

தோப்பைச் சிப்பாய்கள் வந்து பார்த்தார்கள். சாம்பல்தான் இருந்தது. அடுத்த மாதம், அக்கரையில் ஆற்று மணலில் சில பேரைப் பிடித்துக்கொண்டு போனதாகப் பால்காரர் சொன்னார். எத்தனை பேர், பெண்கள் உண்டா, கைக்குழந்தை உண்டா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. யாரோ சொன்னதை அவர் கேட்டது. அதற்குமேல் இன்றுவரை எனக்கும் தெரியாது.

மதாம் புது நோட்டைப் பார்த்துவிட்டு முதலில் தமாஷ் என்று நினைத்தார். பழையது எங்கே என்றார். எரித்துவிட்டேன் என்றேன். நான்காவது பத்தியை மறுபடி ஒரு தடவை விரலால் பார்த்தார். பிறகு சொன்னார்.

“யார் சொன்னார் என்று தெரியாத சொல் வெறும் சத்தம். என்னிடம் கொடுத்திருந்தால் புதுச்சேரியில் பத்திரமாக வைத்திருப்பேன்.”

“உங்கள் வீட்டு விருந்துக்கு யார் யார் வருகிறார்கள், மதாம்?” என்று கேட்டேன்.

கொமிசேர் மாதிரி அதிகாரிகள்தான் வருவார்கள். கெட்டிக்காரர், புரிந்துகொண்டார். ஆனாலும் அழுதார். அந்த நோட்டுக்காக அழுதாரா, பச்சைக்காகவா என்று கேட்க எனக்கு அப்போது தைரியம் இல்லை. யுத்தம் தொடங்குவதற்கு முன் புருஷனோடு ஊருக்குக் கப்பலேறினார். புது நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இந்த மாதம் வந்த கடிதம்

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. வடக்கே ஒரு சர்வகலாசாலையிலிருந்து ஓர் இளைஞர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகையில் அந்தச் சொற்கள் அச்சாகியிருக்கின்றனவாம். மதாம் அவற்றை எறிந்துவிடவில்லை. கீழே ‘பேசுபவர்: ஒரு பெண், பத்தொன்பது வயது, செலியமேடு’ என்று போட்டிருக்கிறதாம். இவர் ஊர் ஊராக அலைந்து, விசாரித்து, என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த மொழி பேசுகிறவர் என்று எழுத்தில் உள்ள ஒரே ஆள் நீங்கள்தான் அம்மா, நேரில் வந்து உங்கள் குரலைப் பதிவு செய்யலாமா என்கிறார்.

கூடவே ஒரு படிவம். சொல், அர்த்தம், சொன்னவர் பெயர். பிறந்த ஊர், தாய் பிறந்த ஊர், உடன் பேசியவர்கள், அவர்கள் இப்போது இருக்கும் இடம்.

நல்ல பிள்ளை என்று எழுத்திலேயே தெரிகிறது. அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். அந்த மொழி என்னுடையது அல்ல, அதில் எனக்குப் பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது, ஆனால் அச்சான சொல் ஒவ்வொன்றும் நிஜம், என் காதால் கேட்டது என்று எழுதினேன். நினைவிருந்த சொற்களைப் படிவத்தில் நிரப்பினேன். சொன்னவர் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

மறந்துபோனதால் விடவில்லை. பதினொரு பேரும், ஊரும், யாருக்கு யார் என்ன உறவு என்பதும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். பச்சைக்குப் பிறந்த குழந்தை பிழைத்திருந்தால் அதற்கே இப்போது பேரன் பேத்தி இருக்கும். இனி என்ன பயம் என்று என் தம்பி மகன் கேட்கிறான். சுதந்திரம் வந்தபிறகு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டதாகப் பேப்பரில் போட்டார்கள், நானும் படித்தேன். அந்தப் பட்டியல்களை என்ன செய்தார்கள் என்று எந்தப் பேப்பரிலும் போடவில்லை.